ஒரு கட்டை கீழே

நம் கீபோர்டு குரூப்பில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்கும் வணக்கம்.

நீங்கள் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். செம்மநத்தத்திலிருந்து போட்டவர் கேபிள்களைக் கட்டிவைத்திருக்கும் ஒழுங்கு எனக்குப் பொறாமையாக இருக்கிறது. படத்துக்குக் கீழே எல்லோரும் பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள். கீபோர்டு, ஸ்டாண்டு, பெடல், ஆடியோ கார்டு, மைக், ஹெட்போன். அதற்கடுத்து மூன்று பேர், "அக்கா, உங்க செட்டப்பையும் போடுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒன்பது வருடம் மேடையில் கீபோர்டு வாசித்தேன். போன வருடம் நிறுத்திவிட்டேன். முப்பத்து மூன்று வயதில் என்னை 'ஓய்வு பெற்ற கலைஞர்' என்று குரூப்பில் எழுதியது முத்துவின் குறும்பு. முத்து எங்கள் பாட்டுக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவர். மணிக்கட்டு வலியால்தான் மேடையை விட்டேன். கீழே எழுதப்போகும் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படிச் சம்பந்தப்படுத்திச் சொன்னால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் எனக்கும் பிடிக்கும். கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டு ஸ்டூடியோ: ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்னறை. மிளகு மூட்டை அடுக்கியிருந்த இடம். மூன்று சுவரில் சாக்கு, அதன்மேல் கம்பளி. நாலாவது சுவரில் ஜன்னல். அதை மூடினால் வேர்க்கும், திறந்தால் பஸ் சத்தம் வரும், ஆகவே பஸ் நேரத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். மேசைமேல் கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். மேசைக்கு அடியில் யு.பி.எஸ். சுவர் அலமாரிக்குள் எப்போதும் எரியும் ஒரு குண்டு பல்பு. அது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. கீபோர்டும் மைக்கும் அதற்குள்தான் தூங்கும்.

மேடைக்கு: அறுபத்தொரு கீ உள்ள கீபோர்டு, எக்ஸ் ஸ்டாண்டு, ஒரு பெடல், ஒரு பென் டிரைவ், அடாப்டர். ஜீப்பில் நாலு பேர் மடிமேல் வைத்துக்கொண்டு போகக்கூடியது அவ்வளவுதான்.

அலமாரிக்குள் பல்பு வைக்கச் சொன்னவர் சேலத்தில் கீபோர்டு பழுது பார்ப்பவர். முதல் வருடம் பனிக்காலம் முடிந்ததும் என் கீபோர்டில் ஐந்து கீ பேசாமல் போயின. கொண்டுபோய் வைத்தேன். என்ன மாடல், எத்தனை வருடம், வாரண்டி இருக்கிறதா என்று கேட்பார் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்க பனியத்தானுங்க ரிப்பேருக்குக் கொண்டாந்துருக்கீங்க" என்றார். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ரப்பருக்கு அடியில் பச்சை பிடித்திருந்தது.

அன்றிலிருந்து பொருளைவிடப் பொருள் இருக்கும் இடத்தைப் பற்றி அதிகம் விசாரிப்பேன். நல்ல பழக்கம்தான். ஆனால் அது வீட்டோடு நின்றுவிட்டது என்பதை மேடையில்தான் தெரிந்துகொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் பூங்கொடி அக்கா என்று ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். மஞ்சக்குட்டைப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நாற்றங்கால் வேலை. பாட்டு யாரிடமும் கற்றதில்லை. நாற்றுக்கு மண் நிரப்பிக்கொண்டே பாடுவார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்தால் நிறுத்துவார், போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார். மஞ்சக்குட்டை மாரியம்மன் நோன்பித் திருவிழா அவர் பாட்டு இல்லாமல் நடந்ததில்லை. அவருடைய சுருதி ஐந்து கட்டை. பெண்கள் பலர் பாடும் சுருதிதான், ஆனால் மேலே போய் நிற்கும் பாட்டுகளை அதில் பாடுவது எளிது இல்லை. அவருக்கு எளிது.

நான் சொல்லவந்த வருடம் நோன்பிக்கு மூன்று மாதம் முன்பு அவருக்குத் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. சேலத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். குரல் நாண் இரண்டிலும் சின்னத் தடிப்பு. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், சத்தம் போட்டுப் பேச வேண்டாம், பாடியே ஆகவேண்டும் என்றால் தாழ்த்திப் பாடுங்கள் என்றார் டாக்டர். தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்த படத்தையும் கொடுத்திருந்தார். அக்கா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒத்திகைக்குக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். "சாமி படத்துக்குப் பக்கத்துல வெக்கலாமுன்னா, எங்கூட்டுக்காரரு வேண்டாங்கறாரு" என்றார்.

ஒத்திகை என் பின்னறையில் நடந்தது. அரைக் கட்டை இறக்கினேன், இழுத்துப் பிடித்துப் பாடினார். இன்னும் அரை இறக்கினேன். நாலு கட்டையில் குரல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. இதுவரை நாங்கள் கேட்காத ஒரு கனம் அதில் இருந்தது. அக்கா பாடி முடித்துவிட்டு முத்துவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முத்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நோட்டில் 'டிரான்ஸ்போஸ் மைனஸ் 2, மூன்று பாட்டுக்கும்' என்று எழுதி அடியில் கோடு போட்டு, "சரிங்கக்கா, அடுத்ததுக்குப் போலாங்களா" என்றேன்.

புதிதாக வாங்கியவர்களுக்காக ஒரு வரி. டிரான்ஸ்போஸ் என்பது சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன். விரல் வைக்கும் இடம் மாறாது, வரும் சத்தம் மட்டும் மாறும். மைனஸ் இரண்டு என்றால் நம் கணக்கில் ஒரு கட்டை குறைவு. அதை ஒவ்வொரு பாட்டின் மெமரியோடும் சேர்த்துச் சேமிக்கலாம். நான் சேமிக்கவில்லை. மெமரியில் எல்லாப் பாட்டும் பழைய சுருதியில் இருந்தன. எல்லாவற்றையும் திறந்து மாற்றுவதைவிட மேடையில் ஏறியதும் பட்டனை இரண்டு முறை அழுத்துவது சுலபம் என்று நினைத்தேன். எங்களில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் செய்கிறோம்.

நோன்பி அன்று பொங்கல் வைத்து முடித்ததும், மதியம் மூன்று மணிக்குமேல் பாட்டு தொடங்கியது. ஏறியதும் இரண்டு முறை அழுத்தினேன். திரையில் மைனஸ் இரண்டு. அக்கா முதல் பாட்டு பாடினார், இரண்டாவது பாடினார். கூட்டம் எப்போதும்போலச் சத்தம் போடவில்லை. உட்கார்ந்து கேட்டது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. அவருக்கு எப்படிப் பட்டது என்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது பாட்டுக்குமுன் ஜெனரேட்டர் நின்றது. டீசல் இல்லை என்றார்கள், பிறகு டீசல் இருக்கிறது வயர் கழன்றுவிட்டது என்றார்கள். மைக் இல்லாமல் ஒரு ஊர்க் கூட்டத்தின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்கு இனிமேல் தெரியும். விசில் அடித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "பாட்டுக்காரம்மிணி, கையில வாசிங்க" என்று கத்தினார். முத்து உடனே கரண்ட் இல்லாத பேட்மேல் வெறுமனே தட்டிக் காட்டினார், கூட்டம் சிரித்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் வந்தது.

கீபோர்டு எழுந்துகொள்ள அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்துக்கு என்னிடம் பட்டியல் உண்டு. பென் டிரைவ் தெரிகிறதா, மெமரி ஏறிவிட்டதா, சத்தம் சரியாக இருக்கிறதா, பெடல் பிடிக்கிறதா, தாளத்தின் வேகம் சரியா. ஐந்தையும் வரிசையாகப் பார்த்தேன். ஐந்தும் சரி. டிரான்ஸ்போஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் பட்டியலைத் தயாரித்தது வீட்டில். வீட்டில் மேசைக்கு அடியில் யு.பி.எஸ் இருக்கிறது, என் கீபோர்டு வீட்டில் ஒருமுறைகூடத் திடீரென்று அணைந்ததில்லை. அணைந்து எழுந்தால் அது எதை மறக்கும் என்று நான் யோசித்துப் பார்க்க நேர்ந்ததே இல்லை.

பூங்கொடி அக்காவின் பெரிய பாட்டு அது. சரணத்தில் மேலே போய் நின்று இறங்கும் அம்மன் பாட்டு. முன்னிசை வாசித்தேன். அக்கா எடுத்தார்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. காதால் அல்ல. அவர் கழுத்தில் ஒரு நரம்பு நின்றது, அது ஒத்திகையில் நின்றதில்லை. திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

இப்போது என் கையில் இருந்த வழிகளை எழுதுகிறேன். அந்த நேரத்திலும் இப்படித்தான், வரிசையாகத்தான் தோன்றின.

ஒன்று, நிறுத்துவது. மன்னிக்கவும் என்று சொல்லி இறக்கி, மறுபடியும் தொடங்குவது. இரண்டு, பல்லவி முடிந்ததும் வரும் இடையிசையில் எட்டுத் தாளம் இருக்கிறது. அதற்குள் இரண்டு முறை அழுத்தி, புதிய சுருதியை அவர் காதில் விழும்படி வாசித்து, சரணத்துக்குக் கொடுப்பது. முடியும். செய்திருக்கிறேன். கொஞ்சம் கோணலாகக் கேட்கும், அவ்வளவுதான். மூன்று, அப்படியே போவது.

இடையிசை வந்தது. விரல் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கூட்டம் இப்போதுதான் அடங்கியிருந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதிப் பாட்டில் சுருதி இறங்கினால் யாருடைய தப்பு என்று பாட்டுத் தெரியாதவனுக்கும் தெரியும். நாலு நிமிடப் பாட்டு, இத்தனை வருடம் இதே ஐந்து கட்டையில் பாடியவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுத் தாளமும் முடிந்தன. நான் அழுத்தவில்லை.

முதல் சரணம் ஏறி இறங்கினார். இரண்டாவது சரணத்தில் மேலே நிற்கும் இடத்தில், குரல் உடையவில்லை, இல்லாமல் போனது. வாய் திறந்திருந்தது, மைக்கில் காற்று மட்டும் வந்தது. அக்கா கண்ணை மூடவில்லை, நிறுத்தவும் இல்லை. கடைசி இரண்டு வரியை வெறும் காற்றிலேயே முடித்தார். முத்து புரிந்துகொண்டு பேட் சத்தத்தை ஏற்றி மூடினார். அருள் வந்துவிட்டது என்று கூட்டம் நினைத்தது. கை தட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கியபோது அக்கா எதுவும் பேசவில்லை. பேச முடியவில்லை என்பது ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

குரல் நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் சேலத்து டாக்டர். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது.

இரண்டாவது வாரம் மஞ்சக்குட்டைக்குப் போனேன். எஸ்டேட் லயனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அவர் வீடு. வீட்டுக்காரர் பாயை விரித்துப் போட்டார். "இருவது வருசத்துல இப்பத்தானுங்க இந்த ஊடு அமைதியா இருக்குது" என்றார். அக்கா டம்ளரை ஓங்கிக் காட்டினார். மூன்று பேரும் சிரிக்கப் பார்த்தோம். சிரிப்பு வரும்போது அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு அதை அடக்கினார். அதைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கரண்ட் போய் வந்ததில் கீபோர்டு இறக்கி வைத்த சுருதியை மறந்துவிட்டது, நான் மெமரியில் சேமித்து வைக்காதது தப்பு, எங்களிடம் மேடைக்கு யு.பி.எஸ் இல்லாதது தப்பு. வரிசையாகச் சொன்னேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. அக்கா தலையாட்டினார். என் கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். டீ போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது.

இங்கே முடித்தால் உங்களுக்கு நல்ல பாடம் ஒன்று கிடைக்கும். சுருதியை மெமரியோடு சேமியுங்கள். வாங்கிய அன்றே கீபோர்டின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிப் போட்டு, எழுந்ததும் எதையெல்லாம் மறந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். படத்தோடு அந்தப் பட்டியலையும் இங்கே போடுங்கள், எல்லோருக்கும் உதவும். கட்டாயம் செய்யுங்கள். அந்த ஆறு வாரமும் நான் பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பலர் பாராட்டினார்கள்.

ஆறு வாரம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஏற்காட்டுக்குச் சந்தைக்கு வந்தவர், பையோடு என் வீட்டுக்கு வந்தார். பின்னறையில் உட்கார்ந்தார். குரல் வந்திருந்தது. அடியில் மணல் கிடப்பதுபோல் இருந்தது. பேசலாம், பாட்டைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னாராம். பச்சை மிளகாய் விலை, மருமகளின் சொந்தக்காரர்கள், புது ரைட்டர் என்று கொஞ்ச நேரம் பேசினார். ஆறு வாரத்துப் பேச்சு பாக்கி இருந்தது. பிறகு, பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"கண்ணு, கரண்டு போனதுல ஏறிப்போச்சுன்னு நீ சொன்ன. அது சரி. பாட்டு நடுவுல உனக்குத் தெரியுலியா?"

தெரிந்தது என்றேன்.

"எப்ப?"

"மொத வரியிலேயேங்கக்கா."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் பார்ப்பவர்போல இருந்தார்.

"எனக்கும் மொத வரியிலேயே தெரிஞ்சுது கண்ணு. இது நாலு இல்ல, அஞ்சுன்னு. நான் என்ன நெனச்சேன்னா, கீழ பாடுன ரெண்டு பாட்டும் எடுபடுல. சனம் கம்முனு உக்காந்திருந்துச்சு பாரு. அதான் நீ பாத்துப்போட்டு, பழையபடி ஏத்தி உட்டுட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீ படிச்ச புள்ள, காரணமில்லாம செய்யமாட்டீன்னு. சரி, இன்னைக்கு எப்படியாச்சும் பாடிப்போடோணும்னுதான், சாமி, பாடுனேன்."

நான் மீதியைச் சொன்னேன். இடையிசையில் எட்டுத் தாளம் இருந்ததையும், விரல் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்ததையும், போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களையும், நாலு நிமிடம்தானே என்று நினைத்ததையும். இதை மஞ்சக்குட்டையில் நான் சொல்லவில்லை. அன்று நான் கீபோர்டின் தப்பை மட்டும் ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருந்தேன். அவர் பதில் பேச முடியாத நாளில் போனதும் எனக்கு வசதியாக இருந்தது என்பதை அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பஸ் ஒன்று வந்து நின்று, ஹாரன் அடித்து, போனது.

"அப்ப," என்றார், "கீழ பாடுனது நல்லாத்தான் இருந்துச்சா?"

அவர் சந்தையை விட்டு என் வீட்டுக்கு வந்தது இதைக் கேட்கத்தான் என்று அப்போது புரிந்தது.

"நொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா. ஒத்திகை அன்னைக்கே அப்படித்தான் இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத ஒத்திகை அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நீ தப்பா ஏத்தீட்டன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும் கண்ணு. நானே நிறுத்தியிருப்பேன்."

குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. ஒரு பட்டியலில் விட்டுப்போன வரியை எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசல்வரை போனேன். ஆறு மாதம் கழித்து டாக்டர் பாடலாம் என்றார், ஆனால் நாலு கட்டைக்கு மேல் கூடாது. அடுத்த நோன்பிக்கு அவரைப் பாடக் கூப்பிடப் போனோம். பாட வரவில்லை, பாட்டு கேட்க வருகிறேன் என்றார். வந்தார். கடைசி வரிசையில், வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.